கண்ணாடிக்குள் மைக்செட்

என் வீட்டுக்காரரை மைதானத்தில் எல்லோரும் மைக்செட் என்றுதான் கூப்பிடுவார்கள். கடைக்குக் கண்ணாடி வாங்க வருகிறவர்கள்கூட, "மைக்செட் இருக்காரா?" என்று என்னிடமே கேட்பார்கள். நானும் கூச்சமில்லாமல், "உள்ளேதான் இருக்கார், சத்தம் கேக்கலையா?" என்பேன். ரசிகர்கள் நிற்கும் கிழக்குப் படிகளின் நடுவில் நின்று அவர் ஒரு குரல் கொடுத்தால் எதிரணி கோல்கீப்பர் திரும்பிப் பார்ப்பான். சும்மா சொல்லவில்லை. ஒருமுறை அப்படித் திரும்பிப் பார்த்த நேரத்தில் பந்து அவன் காலுக்கடியில் புகுந்து கோலாகிவிட்டது. நடுவர் எங்கள் படிகளைப் பார்த்து விரலை ஆட்டிவிட்டுப் போனார்.

எங்கள் கடை இரண்டு பாதி. முன்பாதியில் அவர் கண்ணாடி வெட்டுவார், பின்பாதியில் நான் திரைச்சீலை தைப்பேன். "நான் வீட்டுக்குள்ள வெளிச்சத்தை விடுவேன், இவ பின்னாடியே வந்து இழுத்து மூடுவா" என்று வருகிறவர்களிடம் என்னைக் கிண்டல் செய்வார். மேசையில் கம்பளி விரிப்பு, அதன்மேல் கண்ணாடி, கையில் மெழுகுப் பென்சில். அளவுக்குக் கோடு போட எடுத்த பென்சிலால் அந்த மனிதர் முதலில் போடுவது நாலு தடுப்பாட்டக்காரர்களை. அப்புறம் அம்புக்குறிகள். "மூணு பேரைப் பின்னாடி நிறுத்துறான் பாரு, இவனெல்லாம் ஒரு கோச்சு! ரெண்டு ஓரமும் கதவு திறந்து கிடக்கு!" என்று மேசையைத் தட்டுவார். ஒரு வீட்டுக் குளியலறைக் கண்ணாடி அந்த அம்புக்குறிகளோடு அப்படியே போய் மாட்டப்பட்டுவிட்டது. அந்த வீட்டு அம்மா போன் செய்து, "பல்லு விளக்கினா என் மூக்குமேல பதினோரு பேர் நிக்கிறாங்களே, இது என்ன டிசைன்?" என்று கேட்டாள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவருக்கு எல்லாவற்றிலும் ஓர் அபிப்பிராயம் உண்டு. பந்து வெளியே போனால் கடிகாரத்தை நிறுத்த வேண்டும். அடிபட்டதாக உருளுகிறவனைக் கோட்டுக்கு வெளியே கொண்டுபோய் ஆற அமர உருளவிட வேண்டும். ஆஃப்சைடைக் கால் கட்டைவிரல் நகத்தை வைத்து அளக்கக் கூடாது, "நகம் வெட்ட மறந்ததுக்கெல்லாம் கோலைப் பிடுங்குவியா?" என்பார். கார்னர் கிடைத்துவிட்டு அதைப் பக்கத்தில் நிற்பவனுக்கு மெல்லத் தட்டிக்கொடுத்தால் அவருக்கு மூக்குக்குமேல் கோபம் வந்துவிடும். நிர்வாகத்தைப் பற்றி ஆரம்பித்தாரோ, நான் ஒரு முழுத் திரைச்சீலையைத் தைத்து, கொக்கியும் கோத்து, மடித்தே வைத்துவிடலாம். "ஆட்டக்காரனை விக்கிறவன் முதல்ல ஆட்டத்தைப் பாத்திருக்கணும். இவனுங்க பாதிநேர டீக்கு வர்றவனுங்க."

கல்யாணத்துக்கு முன்னால் பந்து உருண்டை என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. அவரோடு நின்று நின்று நானும் பார்க்கப் பழகினேன். வாரத்தில் ஒருநாள் துணியும் ஊசியும் இல்லாமல், வானத்துக்குக் கீழே, அவர் தோளை உரசிக்கொண்டு நிற்கிற நேரம் எனக்குப் பிடித்திருந்தது. அதை வெளியே சொன்னதில்லை. சொன்னால் மனிதருக்குத் தலைகால் புரியாது.

எனக்கு மறுபக்கத்தில் என் தம்பி நிற்பான். ஃப்ரிட்ஜ் மெக்கானிக். நல்லவன், ஆனால் பிடிவாதக்காரன். ஒருமுறை முன்வாசல் காவல்காரர் அவனுடைய கொடிக்கம்பை வாங்கி வைத்துக்கொண்டார் என்று, "இனிமே இந்த வாசல்ல காலை வைக்க மாட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான். அன்று முதல் மதில் முழுவதும் சுற்றிப் பின்வாசல் வழியாகத்தான் வருகிறான். மழையில் நனைந்துகொண்டும் அப்படித்தான். அந்தக் காவல்காரரே கூப்பிட்டு, "போதும்பா, இப்படியே வா" என்று கெஞ்சியும் பார்த்துவிட்டார். அவன் சொன்னால் சொன்னதுதான்.

எங்கள் படிகளுக்கு எதிரே, மேற்குப் பக்க மாடியில், நிர்வாகிகள் உட்காருவதற்கு ஒரு கண்ணாடி அறை இருக்கிறது. அந்த வேலையைச் செய்தவர் என் வீட்டுக்காரர்தான். இரட்டைக் கண்ணாடி, நடுவில் காற்று இடைவெளி, சுற்றிலும் ரப்பர் பட்டை. "பக்கத்துல வெடி போட்டாலும் உள்ளே கேக்காது. நாம திட்டுறது காதுல விழக் கூடாதுன்னு எவ்வளவு மெனக்கெடுறானுங்க பாரு!" என்று சிரித்துக்கொண்டே மாட்டிவிட்டு வந்தார்.

அடுத்த ஆட்டப் பருவத் தொடக்கத்தில் எங்கள் இடதுபக்க விங்கரை நிர்வாகம் விற்றுவிட்டது. அந்தப் பையன் ஓடினால் படிகளே கூட ஓடும். அவனை விற்றுவிட்டு, பந்தைப் பின்னாலேயே தட்டிக்கொண்டிருக்கும் பயிற்சியாளரை வைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு இவர் போட்ட சத்தத்தைப் படிகள் முழுவதும் வாங்கிக்கொண்டு கத்தின. ஆட்டம் முடிந்தும் யாரும் கலையவில்லை.

சில நாள் கழித்து கிளப் செயலாளர் எங்கள் கடைக்கே வந்தார். பேச்சில் வெண்ணெய் தடவுகிற ஆள். "அண்ணே, வெளியில நின்னு கத்துறதை உள்ளே வந்து உக்காந்து சொல்லுங்களேன். நிர்வாகக் குழுவுல ரசிகர்களுக்குன்னு ஒரு நாற்காலி போடுறோம். படிகள்ல நிக்கிறவங்களே வருஷா வருஷம் கைதூக்கித் தேர்ந்தெடுக்கட்டும்" என்றார். படிகளில் ஒரே கொண்டாட்டம். என் வீட்டுக்காரரையே தேர்ந்தெடுத்தார்கள், ஒரு கைகூட எதிராக எழவில்லை. என் தம்பி அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்வாசல் வரைக்கும் ஓடினான்.

நாற்காலிக்குச் சில விதிகள் இருந்தன. குழுவில் இருப்பவர் கண்ணாடி அறையில் உட்கார்ந்துதான் ஆட்டம் பார்க்க வேண்டும். கத்தக் கூடாது, கையை ஆட்டக் கூடாது. கூட்டத்தில் பேசியதை வெளியே சொன்னால் நீக்கம். ரசிகர் நாற்காலி நடுவில் காலியானால், ராஜினாமாவோ நீக்கமோ எதுவானாலும், அந்த நாற்காலியே அதோடு எடுக்கப்பட்டுவிடும். செயலாளர் எல்லோர் முன்னாலும்தான் வாசித்தார். தூக்கிக்கொண்டு ஓடுகிற அவசரத்தில் யார் காதில் வாங்கினார்கள்? இவரும், "கத்துறதைக் கூட்டத்துல கத்திக்கிறேன்" என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

முதல் ஆட்டத்துக்கு நான்தான் டை கட்டிவிட்டேன். கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, "மூச்சு முட்டுதே" என்றார். "பழகிடும்" என்றேன். படிகளில் நின்று எதிரே பார்த்தால் கண்ணாடிக்குள் அவர் தெரிந்தார். நம் ஆள் ஒருவன் பந்தைப் பின்னால் தட்டினான். இவர் வாய் திறந்தது, மூடியது. மீன்தொட்டியில் மீன் வாயைத் திறக்கிற மாதிரி. செயலாளர் அவர் தோளில் கை வைத்தார். அதற்கப்புறம் இவர் வாய் திறக்கவே இல்லை.

கூட்டங்களில் கத்தத்தான் செய்தார். அவர்கள் பொறுமையாகக் கேட்டு, "ரொம்ப நல்ல கருத்து" என்று சொல்லி, கை தூக்கி எண்ணி, தாங்கள் நினைத்ததைச் செய்தார்கள். பயிற்சியாளருக்கு ஒப்பந்தம் நீட்டித்தார்கள். கோல்கீப்பர் காலடியிலிருந்து சின்னச் சின்னதாகத் தட்டி ஆட்டம் தொடங்க வேண்டும் என்ற கூத்தும் தொடர்ந்தது. அதில் இரண்டு கோல் வாங்கிய அன்று, படிகளில் யாரும் பந்தைப் பார்க்கவில்லை, எல்லோரும் அந்த அறையைப் பார்த்தார்கள். அடுத்த ஆட்டத்துக்கு ஒருவன் அட்டையில் எழுதிக் கொண்டுவந்தான்: 'மைக்செட் ரிப்பேர்'. எல்லோரும் சிரித்தார்கள். என் தம்பி அதை வாங்கித் தலைக்குமேல் பிடித்தான்.

"டேய், உன் மாமாடா அது" என்றேன்.

"அதனாலதான்க்கா வயிறு எரியுது" என்றான். "டை கட்டினதும் தொண்டை அடைச்சிடுச்சு பாரு. பிடிக்கலைன்னா எழுந்து வர வேண்டியதுதானே? நாற்காலி சுகமா இருக்கு போல."

அதற்குள் எனக்கு விஷயம் தெரிந்திருந்தது.

அதற்குச் சில நாள் முன்னால், ஒரு மத்தியானம் கூட்டம் முடிந்து வந்தவர், கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பின்பாதிக்கு வந்தார். "மெஷினை ஓட்டு" என்றார். "துணி இல்லையே?" என்றேன். "சும்மா ஓட்டு, சத்தம் வேணும்." நான் வெறும் மெஷினை ஓட்டினேன். அந்தச் சத்தத்துக்குள் என் காதோடு சொன்னார். கிழக்குப் படிகளை இடிக்கப் போகிறார்கள். அங்கே வரிசையாகக் கண்ணாடி அறைகள் கட்டி, கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடப் போகிறார்கள். மொத்தக் கண்ணாடி வேலையும் நமக்கே என்று செயலாளர் சொல்லியிருக்கிறார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மைதானத்துல ஒரு செங்கல்லைத் தொடணும்னாலும் குழுவுல எல்லாரும் கை தூக்கணும். கிளப்பை ஆரம்பிச்சவங்க போட்ட விதி அது. எல்லாக் கையும் மேலே போச்சு. நான் என் கையைத் தொடைக்கு அடியில வெச்சு உக்காந்துட்டேன்."

"அப்புறம்?"

"அடுத்த கூட்டத்துலயும் இதையே கொண்டுவருவானுங்க. நானும் இப்படியேதான் உக்காரணும்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெளியில மூச்சு விட்டுடாதே. என்னை நீக்கிட்டா நாற்காலி போச்சு. நாற்காலி போனா தடுக்கிறதுக்கு யாரு இருக்கா?" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்ட நாளிலும் படிகளில் நிற்பேன். என் காலுக்குக் கீழே இருக்கிற சிமெண்டை ஒரு மனிதர் கையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்து காப்பாற்றுகிறார். அதே சிமெண்டில் நின்றுகொண்டு அவரைத் திட்டுகிறார்கள். சோற்றுக்கு விலைபோனவன் என்கிறார்கள். எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தி, "கட்டினவ எப்படித்தான் இங்க வந்து நிக்கிறாளோ!" என்று என் காதில் விழும்படியே சொன்னாள். அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்து உண்மையைச் சொல்லலாம் போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பந்தைப் பார்த்தேன். பந்து எங்கே இருந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

அவரோ கடையில் பேச்சையே விட்டுவிட்டார். மெழுகுப் பென்சிலால் அளவுக்கோடு மட்டும் போட்டார். தடுப்பாட்டக்காரர்கள் இல்லை, அம்புக்குறி இல்லை. ஒரு கண்ணாடிகூட அளவு தப்பவில்லை, ஒன்றுகூட உடையவில்லை. வருகிறவர்கள் மெச்சினார்கள். எனக்குப் பயமாக இருந்தது. "அந்த ரைட் பேக் எப்படி ஆடுறான்?" என்று நானே வாயைக் கிளறினேன். "ஆடுறான்" என்றார், அவ்வளவுதான்.

வருஷம் முடிந்து தேர்தல் வந்தது. எதிர்த்து நிற்பது யார் என்கிறீர்கள்? என் தம்பி.

கூட்டத்துக்கு முந்திய நாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுச் சொன்னார். "நாளைக்கு நீ உன் தம்பிக்கே கை தூக்கு."

"என்னங்க பேசுறீங்க?"

"எனக்கு முடியலம்மா. அந்த ரூமுக்குள்ள கதவை மூடினதும் காது அடைச்சுக்குது. நீங்கள்லாம் வாயைத் திறக்கிறது தெரியுது, ஒண்ணும் கேக்கல. கோல் விழுந்தாக்கூட, யாரோ செத்த வீடு மாதிரி கிடக்கு." தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அவன் முரடன்தான், ஆனா படிகளை விட்டுக்கொடுக்க மாட்டான். உள்ளே போனதும் அவனுக்கே விஷயம் தெரிஞ்சிடும். பிடிச்சு உக்காந்துக்குவான். என்னை விட்டுடு. உன் பக்கத்துல வந்து நிக்கணும்."

அவர் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. "சரி" என்றேன். ராத்திரி அவருடைய பழைய கொடியை எடுத்து, கிழிந்திருந்த ஓரத்தைத் தைத்துவைத்தேன்.

கூட்டம் படிகளுக்கு அடியில் இருக்கிற நீளமான அறையில் நடந்தது. மேலே படிகளின் அடிப்பக்கம் சாய்வாக இறங்கி வரும், உயரமானவர்கள் குனிந்துதான் நிற்க வேண்டும். செயலாளர் மேசைக்குப் பின்னால் நின்றார். இவரைப் பேசச் சொன்னார்கள். எழுந்து, "எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல" என்று உட்கார்ந்துவிட்டார். ஓவென்று ஒரு கூச்சல்.

தம்பி எழுந்தான். "நான் அங்க போய் வாயை மூடிக்கிட்டு உக்கார மாட்டேன். உங்களுக்குப் பிடிக்காத ஒரு விஷயம் அந்த ரூமுல நடந்துச்சுன்னா, அன்னைக்கே நாற்காலியைத் தூக்கி எறிஞ்சிட்டு வெளியே வந்து இந்தப் படியில நின்னு உங்ககிட்ட சொல்லுவேன். இது என் வாக்கு!"

அறை இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். நான் கைதட்டவில்லை. எறிந்துவிட்டு வருவானே! அவன் சொன்னால் சொன்னதுதானே! அவன் வெளியே வந்து படியில் நின்று சொல்லி முடிப்பதற்குள் நாற்காலி போயிருக்கும், எஞ்சியிருக்கிற கைகள் எல்லாம் மேலே போயிருக்கும், அப்புறம் அவன் நிற்பதற்குப் படி எங்கே இருக்கும்? நான் செயலாளரைப் பார்த்தேன். அந்த ஆளும் கைதட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

தம்பியைத் தனியாக இழுத்துப் போய் ஒரு வார்த்தை சொல்லலாமா என்று நினைத்தேன். சொன்னால் அங்கேயே மேசைமேல் ஏறிக் கத்துவான். அதோடு இவரை நீக்கிவிடுவார்கள், எல்லாம் ஒன்றுதான்.

கை தூக்கச் சொன்னார்கள். தம்பிக்கு நிறையக் கைகள். இவருக்கும், நான் எதிர்பார்த்ததைவிட நிறைய எழுந்தன. சத்தம் போடாமல் பின்னால் நிற்கிற வயதான ஆட்கள், தம்பியின் முரட்டுத்தனத்துக்குப் பயந்தவர்கள், ஒரு வருஷம் பார்த்தவர் இன்னொரு வருஷம் பார்க்கட்டுமே என்கிறவர்கள். செயலாளர் எண்ணினார். திரும்பவும் எண்ணினார். இரண்டும் சமம். பிறகு என்னைப் பார்த்தார்.

"அம்மா, நீங்க ரெண்டு தடவையும் கை தூக்கலையே?"

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான், சின்னப் பிள்ளையில் என் தட்டில் இருந்து எடுத்துத் தின்றுவிட்டுச் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. அக்கா நமக்குத்தான் என்று நம்பினான். இவரோ என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டேன், "இவருக்கு எப்போ தூக்கணும்?" என்று. "இப்பவே தூக்கலாம்மா" என்றார் செயலாளர். அவர் முகத்தில் இப்போது ஈயாடவில்லை.

என் கையைத் தூக்கினேன்.

வாசலில் தம்பி நின்றிருந்தான். "புருஷன்னா புருஷன்தான், இல்லக்கா?" என்றான். கண் கலங்கியிருந்தது. "டேய், நான் சொல்றதைக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன். என்ன சொல்ல முடியும்? "இனிமே உன் பக்கத்துல நின்னு ஆட்டம் பாக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, பின்வாசல் பக்கமாக நடந்துபோனான்.

நாங்கள் இருவரும் வீட்டுக்கு நடந்தோம். தெருமுனையில் அவர் நின்றார். "அவன் அந்த வாக்கைக் கொடுத்தப்பவே நினைச்சேன், நீ என்னை மாட்டிவிடப் போறேன்னு" என்றார்.

"நான் வேற என்னங்க செய்யறது?"

"ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். "நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். அதுதான் கஷ்டமா இருக்கு."

அடுத்த ஆட்டத்துக்கு டை கட்டிவிடும்போது அவர் கழுத்தைத் திருப்பவில்லை. நான் படிகளில் வழக்கமான இடத்தில் நின்றேன். இடப்பக்கம் காலி, வலப்பக்கமும் காலி. தம்பி நாலு படி மேலே, முதுகைக் காட்டாத குறையாக நின்றிருந்தான். தைத்த கொடி பையிலேயே இருந்தது.

பாதிநேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நமக்கு ஒரு கார்னர் கிடைத்தது. அதை அடிக்கப் போன பையன் மூலையில் நின்று, பக்கத்தில் இருக்கிறவனுக்கு மெல்லத் தட்டப் பார்க்கிறான். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "உள்ளே தூக்கிப் போடுடா, மடையா!" என்று கத்தினேன். அந்தக் குரல் என்னுடையதா என்று எனக்கே சந்தேகம். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேலே தம்பியும் பார்த்திருப்பான். நான் நிறுத்தவில்லை. கோச்சைத் திட்டினேன், விங்கரை விற்றவர்களைத் திட்டினேன், மூன்று பேரைப் பின்னால் நிறுத்தியதைத் திட்டினேன். கேட்டுக் கேட்டு மனப்பாடமாகியிருந்த அத்தனையும் வரிசையாக வெளியே வந்தது. தொண்டை கிழிந்தது, கண்ணில் நீர் கொட்டியது.

எதிரே கண்ணாடிக்குள் அவர் எழுந்து நின்றுவிட்டார். இரண்டு கைகளையும் கண்ணாடியில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்கிறேன் என்று ஒரு எழுத்துகூட அவருக்குக் கேட்டிருக்காது. அந்த ரப்பரை அவ்வளவு இறுக்கி வைத்தவர் அவர்தான். செயலாளர் பின்னாலிருந்து அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தார். அவர் உட்கார்ந்துவிட்டார், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு. நான் கத்திக்கொண்டே இருந்தேன்.